பலகை மறைத்த விளக்கு

ஆரோக்கியம் ஸ்டீரியோவின் இரண்டு குமிழ்த் தண்டுகளிலும் குங்குமத்தைத் தடவினார். எண்ணெயில் குழைத்த குங்குமம். என் காரின் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் தகட்டின் காலடியிலிருந்து விரலால் வழித்தது. பிறகு தேக்குப் பலகையை இரண்டு கைகளாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்டீரியோவின் முகத்தின்மேல் ஒரே அழுத்தாக அழுத்தினார். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பலகையின் பின்பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். அங்கேதான் துளை போட வேண்டும்.

"டேப்பு வெச்சு அளந்தா அரை நூல் தள்ளிப் பூடும் சார். இது தள்ளாது" என்றார்.

"வண்டிக்கு ரெண்டு பொட்டு வெச்சாச்சு. இனிமே எவன் கண்ணும் படாது" என்றார் கன்னியப்பன். மூன்று பேரும் சிரித்தோம்.

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க கதையில நீங்க எப்பவும் நல்லவராவே வர்றீங்களே" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு எழுத ஓடவில்லை. மூன்றாம் நாள் இந்தக் குங்குமப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன.

மிளகளவு ஓட்டை

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டும் தகரக் கொட்டகை ஒன்று ஆரோக்கியத்துக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்து, வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு என் மாதிரி ஆட்களின் சில்லறை வேலைகளைச் செய்வார். கொட்டகை முழுவதும் தேக்குத் தூளும் வார்னிஷும் மணக்கும்.

கன்னியப்பன் என் டிரைவர். பென்னலூர்க்காரர். விவசாயக் குடும்பம். டிராக்டரில் கை பழகி, லைசென்ஸ் எடுத்து, என்னிடம் வந்து சேர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அப்போது அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. அதனால் எதுவும் சரியாகிவிடப் போவதில்லை என்பதும் தெரியும்.

நான் அந்தப் பக்கத்தில் வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப்புக்குப் பொறுப்பான இன்ஜினியர். குன்றத்தூரில் வாடகை வீடு. கார், இரண்டு கை மாறி என்னிடம் வந்த பழைய அம்பாசிடர். ஸ்டீரியோ, சிங்கப்பூரிலிருந்த மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. நடுவில் கேசட் நுழையும் வாய், இரண்டு பக்கமும் வெள்ளிக் குமிழ்கள், டேப் ஓடும்போது ஒளிரும் சின்னச் சிவப்பு விளக்கு. அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று நான் சாப்பிடக்கூட மறந்தேன்.

காரில் ரேடியோவுக்கென்று விட்டிருந்த இடம் அதற்குப் போதவில்லை. டேஷ்போர்டின் நடுவில் கொஞ்சம் வெட்டி, ஸ்டீரியோவை உள்ளே தள்ளி, வெட்டிய அசிங்கம் தெரியாமல் மேலே ஒரு தேக்குப் பலகையைப் பொருத்தி, ஓரங்களில் கறுப்பு ரெக்ஸின் சுற்றுவது என்று முடிவாயிற்று. பலகையை வைத்துப் பார்த்தபோதுதான் கன்னியப்பன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், ஆயில் லைட்டு உள்ள பூடுது."

இன்ஜினுக்குள் ஆயில் ஓட்டம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு அது. சாவி போட்டதும் எரியும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். ஓடும்போது எரிந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

"அதுக்கு இன்னா, மொளகு சைசுக்கு ஒரு ஓட்டை போட்டுக் குடுத்துர்றேன்" என்றார் ஆரோக்கியம்.

பலகையைப் பார்த்தேன். நல்ல ரேகை ஓடிய தேக்கு. இரண்டு குமிழுக்கும் இரண்டு துளை, நடுவில் வாய், இரண்டு பக்கமும் சரிசமம். அதில் இடது கீழ் மூலையில் ஒற்றை ஓட்டை.

"வேணாம். அழகான மூஞ்சில அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும்."

"தழும்பு இருந்தா இன்னா சார், கண்ணு தெரிஞ்சா போதாதா?" என்றார் கன்னியப்பன்.

ஆரோக்கியம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குள் இருந்த படித்தவன் பேசத் தொடங்கினான்.

"அந்த லைட்டு, ஆயிலைப் பாக்காத சோம்பேறிகளுக்காக வெச்சது. தினம் காலைல பானெட்டைத் தூக்கி ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா லைட்டே தேவையில்ல. பாப்பியா, மாட்டியா?"

"பாக்குறேன் சார்."

"அப்புறம் என்ன?"

ஆரோக்கியம் துளைக் கருவியைக் கீழே வைத்துவிட்டு ரெக்ஸினை வெட்டப் போனார்.

அப்பாவின் பச்சைக் கண்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐம்பதுகளில் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வருடா வருடம் தபால் ஆபீஸுக்குப் போய் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டுவார். பெட்டிக்கு அம்மா பூ வேலை செய்த உறை தைத்துப் போட்டிருந்தாள்.

அந்த ரேடியோவின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. சரியாக அலைவரிசை பிடிக்காதபோது அது பூனைக்கண் மாதிரி பிளந்து கிடக்கும். சரியாகப் பிடித்ததும் இரண்டு பக்கப் பச்சையும் வந்து நடுவில் கூடும். அப்பா குமிழைத் திருகும்போது காதைத் தீட்டிக்கொள்ள மாட்டார். கண் அந்தப் பச்சையின் மேலேயே இருக்கும். பச்சை கூடியதும், "இப்ப சரி" என்று நாற்காலியில் சாய்வார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பாட்டே காதில் விழும்.

பாட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போவதற்கு வெகு முன்பே இது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கல்லூரியில் வேறு மாதிரி படித்தேன். ஆயில் அழுத்தம் பற்றிய கேள்விக்குப் படம் வரைந்து பதில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் முதலில் படித்தது அழியவில்லை.

இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது எப்படி நடந்தது என்று புரிய வேண்டும், அவ்வளவுதான்.

முன் ஸீட்டுக்கு வந்தேன்

அதுவரை நான் காரில் பின் ஸீட்டில் உட்காருவேன். ஆபீஸர்கள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். ஸ்டீரியோ வந்த பிறகு, குமிழைத் திருகுவதற்காகவே முன் ஸீட்டுக்கு மாறினேன்.

அதில் எனக்கு எதிர்பாராத லாபம் கன்னியப்பனின் பேச்சு. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு வருடத்தில் அவருடைய பிடரியை மட்டும்தான் பார்த்திருந்தேன். முன்னால் வந்ததும் ஆள் தெரிந்தார். பாட்டு வந்தால் கூடவே பாடுவார். சுருதி ஒரு நாளும் சேராது.

"கன்னியப்பா, பாடறவருக்குக் கேட்டா அழுவாரு."

"அவரு வூட்ல கீறாரு சார், அவருக்கு எங்க கேக்கப்போவுது?"

ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வரும்போது எதிரே ஒரு கம்பெனி பஸ் வந்தது. அவர் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அதன் டிரைவருக்குச் சலாம் போட்டார். பிறகு அந்த பஸ் மறையும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"சார், தப்பா நெனக்கக் கூடாது. உங்க கைல கீறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எனக்கு ஒரு ஆசை கீது."

"சொல்லு."

"கம்பெனி பஸ்ஸு. காக்கிச் சட்டை. பர்மனென்ட்டு. நாப்பது பேரு பின்னால உக்காந்துக்கினு நம்ம கைய நம்பி வரணும். அது ஒண்ணு கெடச்சா போதும் சார். எங்க ஊர்ல கழனி எத்தினி நாளைக்குக் கீதுன்னு யாருக்கும் தெரில. தெனம் ஒருத்தன் வந்து செயின் புடிச்சு அளந்துட்டுப் போறான்."

"நம்ம கம்பெனியில பஸ் விட்டா உன்னைத்தான் சொல்வேன்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

பாட்டு முடியட்டும்

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் கன்னியப்பன் வந்தபோது முகம் சரியில்லை.

"வூட்ல வலி எடுத்துக்கீது சார். அம்மாவும் மச்சானும் கூட கீறாங்க. காஞ்சிவரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறாங்க."

அவர் மனைவி தனத்துக்கு அது முதல் பிரசவம். அன்று பார்த்து நான் ஒரகடம் பக்கம் போக வேண்டியிருந்தது. கம்பெனிக்கு ஒரு கிடங்கு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இடத்தைப் பாத்துட்டு சீக்கிரம் திரும்பிடலாம். உன்னை நேரா ஆஸ்பத்திரியிலேயே விடறேன்" என்றேன்.

அவர் சரி என்றார். வேறென்ன சொல்வார்?

சீக்கிரம் திரும்பவில்லை. இடத்தைக் காட்ட வேண்டிய மணியக்காரர் வர நேரமானது. கிளம்பும்போது மாலை ஐந்து ஐந்தரை. ஏரிக்கு மேலே மேகம் கறுத்து, காருக்குள் இருட்டிவிட்டது. சாலை அப்போது பாதி ஜல்லி, பாதி சேறு. அடித்தட்டில் கல் தெறிக்கும் சத்தம் வழி முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும் சாலை. அதைக் கேட்கக் கூடாதென்றே கேசட்டைப் போட்டேன்.

மைத்துனர் புதிதாக அனுப்பியிருந்த கேசட். கன்னியப்பன் அன்று பாட்டோடு சேர்ந்து பாடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பலகையின் இடது கீழ் ஓரத்தில், ரெக்ஸினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலிருந்த மெல்லிய இடுக்கில், ஒரு சிவப்பு ஒளி கசிந்தது. டிரைவர் ஸீட்டிலிருந்து பார்த்தால் பலகையின் தடிமன் அதை மறைக்கும். நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து மட்டும் தெரியும்.

எனக்கு அது ஸ்டீரியோவின் விளக்கு என்று பட்டது. மேலே எரிகிற சிவப்பு, கீழே ரெக்ஸினில் பட்டுத் தெறிக்கிறது என்று நினைத்தேன். அழகாக இருக்கிறது என்றும் நினைத்தேன். ஸீட்டில் சாய்ந்துகொண்டேன்.

ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருக்கும்.

"சார், சவுண்டைக் கொஞ்சம் கொறைங்க. இன்ஜின்ல இன்னாவோ சத்தம் வருது."

"இந்தப் பாட்டு முடியட்டும்" என்றேன்.

பாட்டு முடியவில்லை. அதற்கு முன்பே, பாத்திரக் கடையில் அலமாரி சரிந்த மாதிரி முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். வண்டி இரண்டு முறை உதறி நின்றது. இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கேசட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கன்னியப்பன்தான் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

தூறலில் இறங்கி பானெட்டைத் தூக்கினார். ஸ்டிக்கை உருவினார். அதில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவர் முகத்தை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியும். விவரிக்கப் போவதில்லை.

அந்த வழியாக வந்த செங்கல் லாரியில் அவரை ஏற்றி காஞ்சிபுரத்துக்கு அனுப்பினேன். ஏறும்போதுகூட, "மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க" என்றபடியேதான் ஏறினார். அன்று அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

பெரிய மனது

மறுநாள், கன்னியப்பன் ஆஸ்பத்திரியிலேயே இருக்க, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பட்டறையில் விட்டேன். மெக்கானிக் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஆயில் தொட்டி விரிசல் வுட்டுக்கீது சார். கல்லு பட்டுக்கீது. புது வெட்டு, உள்ள பளபளன்னு தெரியுது பாருங்க. நேத்து பட்டதுதான். காலைல ஆயில் தளும்ப தளும்ப இருந்திருந்தாலும் இதே கதிதான்."

பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "லைட்டு காட்டியிருக்குமே? ரெண்டு மூணு நிமிசம் முன்னாடியே எரிஞ்சிருக்கும். அப்ப நிறுத்தியிருந்தா இன்ஜின் தப்பிச்சிருக்கும். யாரும் பாக்கலியா?"

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நான் பார்த்த சிவப்பு எது என்று.

"இல்ல பாய். யாரும் பாக்கல" என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கன்னியப்பன் சர்க்கரைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நெனச்சு நெனச்சுப் பாக்குறேன் சார். அன்னிக்குக் காலைல பானெட்டைத் தூக்குனேனா இல்லியான்னு ஞாபகத்துக்கே வரல. அவளுக்கு வலின்னதும் மனசு வேற எங்கியோ இருந்துச்சு. பாத்திருக்க மாட்டேன். பாத்திருந்தா ஆயில் எங்க பூடும்? தப்பு என்னோடதுதான்."

ஆயில் தொட்டியில் கல் பட்ட வெட்டு இருந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடுத்து விளக்கைப் பற்றிய பேச்சு வரும். விளக்கென்றால் பலகை வரும். பலகையென்றால் ஆரோக்கியத்தின் கொட்டகையில் நான் பேசிய பேச்சு வரும்.

"சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. உன் மேல எனக்குக் கோவமே இல்ல" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளிருந்து காப்பி கொண்டுவந்த என் மனைவி, அவர் போன பிறகு, "நீங்க இவ்வளவு பொறுமையா இருப்பீங்கன்னு நான் நெனக்கல" என்றாள். ஆபீஸிலும் கதை பரவியது. இன்ஜினையே தீர்த்துக்கட்டிய டிரைவரை வேலையை விட்டு நிறுத்தாதவர் என்று எனக்குப் பெரிய மனதுக்காரர் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அது எனக்குப் பழகியும்விட்டது.

இன்ஜின் வேலை முடிந்து வண்டி வந்தபோது, பலகையில் மிளகளவு ஓட்டை ஒன்று போட்டுத் தரச் சொல்லி ஆரோக்கியத்திடம் நானே தனியாகப் போனேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொடுத்தார். நான் பின் ஸீட்டுக்குத் திரும்பினேன்.

நேர்முகத் தேர்வு

இரண்டு வருடம் கழித்து எங்கள் கம்பெனி ஷிப்டு பஸ் விட்டது. இரண்டு டிரைவர் வேலை, பர்மனென்ட். கன்னியப்பனை மனுப் போடச் சொன்னதே நான்தான். உள்ளே கிடந்த உறுத்தலுக்கு இதோடு ஒரு முடிவு வரும் என்று எண்ணினேன்.

தேர்வு செய்ய மூன்று பேர். பர்சனல் ஆபீஸர், ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்று எங்கள் வண்டிகளைக் கவனித்துக்கொண்ட சுபேதார், அவர்களோடு நான். ஆறு பேர் வந்திருந்தார்கள். ஓட்டிக்காட்டும் தேர்வில் கன்னியப்பன்தான் முதல். "நல்ல கை. கிளட்ச்சை மெத்தை மாதிரி விடறான்" என்று சுபேதாரே என்னிடம் சொன்னார்.

கேள்விகளுக்கு உள்ளே அழைத்தபோது, சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுபேதார் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டார்.

"இதுவரைக்கும் உன் கையால ஏதாவது வண்டி வீணாகியிருக்கா?"

முன்னால் வந்த நான்கு பேரும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் சொன்னது பொய் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அது அப்படித்தான் நடக்கும்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் இருக்கும்போது பொய் சொன்னால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார்.

"ஒரு இன்ஜின் போயிருக்கு சார். ஆயில் பாக்காம வுட்டுட்டேன். என் தப்புதான்."

சுபேதாரின் பேனா நின்றது. "யார் வண்டி?"

"சாரோட வண்டிதான்."

அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த மாதம்தான் என் ஷாப்பில் ஒரு ஆபரேட்டர், கண்ணைக் குத்துகிறது என்று மெஷினின் எச்சரிக்கை விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். அவனை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்திருந்தேன். விளக்கை மறைப்பவன் தன் கண்ணை மட்டும் மறைக்கவில்லை, பக்கத்தில் வேலை செய்கிறவனின் உயிரையும் பணயம் வைக்கிறான் என்று உத்தரவில் எழுதியிருந்தேன். அது நோட்டீஸ் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. பர்சனல் ஆபீஸர்தான் அதில் எதிர்க் கையெழுத்துப் போட்டவர்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஆமாம், பழைய கதை. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

உதவியாக இருக்கும் என்றுதான் சொன்னேன். என் காதில் அது நல்லவிதமாகத்தான் விழுந்தது. சுபேதாரின் காதில் வேறு விதமாக விழுந்திருக்கிறது. டிரைவரின் முதலாளியே உறுதி செய்துவிட்டார் என்று. அவர் தாளில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். கன்னியப்பன் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

வேலை வேறு இரண்டு பேருக்குப் போனது.

அன்று மாலை என்னை வீட்டில் விட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க எனக்காகப் பேசுனீங்க சார். அது போதும். எனக்குக் குடுத்து வெக்கல."

இரண்டு மாதத்தில் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"கையி வர மாட்டேங்குது சார். ஸ்டீரிங்ல உக்காந்தா, இன்னிக்கு இன்னா பாக்காம வுட்டேனோன்னு ஒரே ரோசனை. நல்லவேளை, பஸ்ஸு கெடைக்கல. நாப்பது பேரை ஏத்திக்கினு நான் மறந்துட்டா?"

நான் தடுத்துப் பார்த்தேன். தடுக்கும்போதும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

பென்னலூரில்

பிறகு ஐந்தாறு வருடம் போனது. எனக்கு வடக்கே மாற்றலானது. சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள், நானே காரை ஓட்டிக்கொண்டு பென்னலூருக்குப் போனேன்.

கன்னியப்பனின் கழனி போய்விட்டிருந்தது. அவர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன். கான்ட்ராக்டில்தான். இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே தனம் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சிவப்பு வெளிச்சத்தை நான் பார்த்ததையும், பாட்டு லைட் என்று நினைத்ததையும், ஆயில் தொட்டியில் கல் பட்டதையும்.

அவர் நாற்காலியைத் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கல்லு பட்டு வுட்டதா சார்? அன்னிக்குப் பட்ட கல்லா?"

"ஆமாம்."

"அப்ப காலைல நான் பாத்திருந்தாலும்?"

"பாத்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்."

"பாக்காம இருந்திருந்தாலும்?"

"அப்பவும் அதேதான்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா அந்தக் காலைலயே போய் நின்னுக்கினு கீறேன் சார். பானெட்டைத் தூக்குனேனா, தூக்கலியான்னு. தூக்கத்துல கூட."

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன். முதல் முறையாக அவரைப் பன்மையில் கூப்பிட்டேன்.

"அய்யோ, வுடுங்க சார். பாட்டு லைட்டுன்னு நெனச்சுட்டீங்க. தெரியாம ஆனதுதான். நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன்."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கம்பெனியில் பேசிப் பார்க்கிறேன், டிரைவர் வேலைக்குக் கடிதம் தருகிறேன் என்றேன். வயது தாண்டிவிட்டது, லைசென்ஸும் புதுப்பிக்கவில்லை என்றார். அதையும் சந்தோஷமாகவே சொன்னார். பிறகு உள்ளே திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

"தனம், இங்க வாயேன். அன்னிக்கு சார் வண்டி போச்சே, அது என்னால இல்லியாம். கல்லு பட்டு ஆயில் தொட்டி வுட்டுச்சாம். நான் ஸ்டிக்கைப் பாத்தாலும் பாக்காட்டியும் ஒண்ணுதானாம்!"

தனம் டிபன் கேரியரோடு வாசல்படிக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கேரியரின் கொக்கியை மாட்டிக்கொண்டே கணவரைக் கேட்டாள்.

"இது சாருக்கு எப்பத் தெரியுமாம்?"

கன்னியப்பன் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. போன மாதம்தான் மெக்கானிக் பாய் சொன்னார் என்று வாய்வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். கேட்டவள் நம்பியிருக்க மாட்டாள்.

"மறுநாளே" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது. எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். மனைவியின் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று அவளிடம் சொன்னார்.

நான் எழுந்து போகும்வரை அவர் காத்திருக்கவில்லை. என்னைக் கடந்து தெருவில் இறங்கி நடந்தார்.